அதே இடத்தில், அதே படம்

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் யாரும் எடுக்க விரும்பாத போன் ஒன்று உண்டு. அது என் மேஜையில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சாகும் அந்த எண்ணுக்கு, பேப்பர் வரவில்லை என்று சொல்ல ஒரு கூட்டமும், தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல இன்னொரு கூட்டமும் கூப்பிடும். முதல் கூட்டத்தை சர்க்குலேஷன் பக்கம் தள்ளிவிடலாம். இரண்டாவது கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ஹெட்மாஸ்டர். "அக்கா, ஹெட்மாஸ்டர் லைன்ல இருக்காரு" என்று கண்ணடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தித் தலைப்பு வைப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அப்பா சேலை வியாபாரம். தமிழ்ப் பேப்பரில் எனக்கு வேலை கிடைத்தபோது, இவளுக்கு இது எதுக்கு என்று சொந்தத்தில் கேட்காதவர்கள் இல்லை. அந்த வீம்போ என்னவோ, அச்சில் ஒன்று தப்பாக வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகவே இறங்கியது.

ஹெட்மாஸ்டர்களில் பாதிப் பேர் சொல்வது சரியாகவே இருக்கும். வண்டியூரிலிருந்து ஒருவர் வருசா வருசம் தெப்பத் திருவிழா முடிந்ததும் கூப்பிடுவார். "மேடம், நீங்க போட்டது போன வருசத்துப் படம். மைய மண்டபத்துக்கு இந்த வருசம் வெள்ளை அடிச்சாச்சு. உங்க படத்துல அழுக்கா நிக்கிது" என்பார். போட்டோகிராபரிடம் கேட்டால், "தெப்பம் தெப்பந்தானக்கா, எந்த வருசமா இருந்தா என்ன?" என்பான். தப்பு நடந்தது பெரிதில்லை. கூப்பிட்டவரை ஏதோ வேலை வெட்டி இல்லாதவராகப் பார்த்தோமே, அதுதான் எனக்கு எரிச்சல். காசு கொடுத்து வாங்கி, வரி விடாமல் படித்து, நம்மை மதித்துப் போன் செய்கிறவரை நக்கலடிக்கிற தொழில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தெப்பக்குளத்துப் படத்தால் யாருடைய குடும்பமும் கவிழ்ந்துவிடாது. இந்த ஆட்டோக்காரர் விசயம் அப்படி இல்லை.

அன்று காலை நான் உள்ளே நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் ஒரே கூச்சல். கெட்ட வார்த்தைகூட ஒன்றிரண்டு வந்தது. பெண் குரல் என்று தெரிந்ததும் சட்டென்று நின்று, "மன்னிச்சுக்கங்க மேடம், நான் ஒத்தக்கடை ஆட்டோ ஸ்டாண்டுல இருந்து பேசுறேன்" என்றார். "முதல் பக்கத்தைப் பாருங்க. புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிறது நான்தான்."

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளி வேன். டிரைவர் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பின் சீட்டில் தூங்கிப்போன ஒரு குழந்தையைக் கவனிக்காமல் கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். உச்சி வெயில். குழந்தை கண்ணாடியைத் தட்டி அழுதது யார் காதிலோ விழுந்து, கண்ணாடியை உடைத்து எடுத்திருக்கிறார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. படத்தில் உடைந்த கண்ணாடியோடு வேன். அதன் முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள், தோளில் வாடிப்போன குழந்தை, யாரையோ பார்த்துக் கத்துகிற வாய். படத்துக்குக் கீழே எங்கள் எழுத்து: "குழந்தையை வேனில் வைத்துப் பூட்டிச் சென்ற டிரைவர்."

"நான் ஆட்டோ டிரைவரு மேடம். வீல் ஸ்பேனரை வச்சு அந்தக் கண்ணாடிய உடைச்சதே நான்தான். கையெல்லாம் கிழிஞ்சு தையல் போட்டிருக்கு. அந்த வேன்காரன் எங்கடான்னு கத்திக்கிட்டு இருந்தப்ப எவனோ போட்டோ எடுத்திருக்கான். நீங்க என்னையவே அவனாக்கிப்புட்டீங்களே!"

டீக்கடையில் யாரோ, "அண்ணே, பேப்பர்ல வந்திருக்கீக" என்று சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கு ஒரே சந்தோசம். படத்தை மட்டும் பார்த்துவிட்டு, கூட இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொல்லி, பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "பேப்பர்ல வந்திருக்கேன், பக்கத்து வீட்டுல வாங்கிப் பாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி படத்துக்குக் கீழே இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டு அழுதபோதுதான் அவருக்கு விசயம் தெரிந்தது. இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்குக் காது சுட்டது.

விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அவர் எண்ணை வாங்கிக்கொண்டேன். முதலில் அந்தப் பகுதி நிருபரைக் கூப்பிட்டேன். "வாட்ஸ்அப் குரூப்ல வந்த படந்தான்க்கா. யாருன்னு நான் எழுதலையே, படத்த மட்டுந்தான் அனுப்புனேன்" என்றான். அது உண்மைதான். படத்துக்கு வரி எழுதியது எங்கள் டெஸ்க்கில் இருந்த ஒருவர். அவரைக் கேட்டேன். "வேன் இருக்கு, புள்ள இருக்கு, காக்கிச் சட்டை போட்டு ஒருத்தன் நிக்கிறான். வேற யாரா இருப்பான்?" என்றார். அவரைக் குறைசொல்லி முடிப்பது எளிது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் காக்கி என்றால் இரண்டே சாதிதான். தொப்பி இருந்தால் போலீஸ், இல்லாவிட்டால் குற்றவாளி. கூத்து என்னவென்றால், அவரே திருத்திய செய்தியில் "பொதுமக்கள் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை மீட்டனர்" என்று சரியாக இருந்தது. எழுத்தில் பொதுமக்களாகக் கரைந்துபோன மனிதர், படத்தில் கொலைகாரப் பாவியாக நின்றார்.

குழந்தையின் அம்மாவையும் பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "அந்த அண்ணன் இல்லாட்டி எம்புள்ள எனக்கு இல்லக்கா. யாரு கேட்டாலும் சொல்றேன்" என்றாள். இதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை.

மத்தியானம் ஆட்டோக்காரரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வரவேற்பறையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. இடது முன்கை முழுக்கக் கட்டு. படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம். ஒத்தக்கடையைச் சுற்றிப் புதிது புதிதாக முளைத்த குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் மாதச் சவாரிதான் அவருடைய பிழைப்பு. ஸ்டாண்டில் நின்று பிடிக்கிற சவாரி கைச்செலவுக்கு, பள்ளிச் சவாரி குடும்பத்துக்கு என்றார். அங்கே குடிவந்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். எதிர்வீட்டில் யார் என்று தெரியாது, ஆனால் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பார்கள். அதற்குள்ளே அந்தப் படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

"நட்டஈடு, கிட்டஈடு ஒண்ணும் கேக்க வரல மேடம். அதே படத்த அதே எடத்துல போடுங்க. அடியில இருக்கிறத மட்டும் மாத்திப் போடுங்க. அம்புட்டுத்தான்."

இதைவிட நியாயமாக ஒருவர் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. போட்டுவிடுகிறோம் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. பேசிப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உட்கார்ந்து எழுதினேன். "நேற்று இந்தப் படத்தில் இருப்பவரை, குழந்தையை வேனில் பூட்டிச் சென்றவர் என்று தவறாக வெளியிட்டுவிட்டோம். கண்ணாடியை உடைத்துக் குழந்தையைக் காப்பாற்றியவர் இவர்தான். தவறு எங்களுடையது. அவரிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்." எழுதி முடித்தபோது மனசு லேசானது. இத்தனை வருச வேலையில் இப்படி நாலு வரி எழுத எனக்கு வாய்த்ததே இல்லை. அதை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியரிடம் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. சமயநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அலுவலகத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவது அவர்தான். முன்பு வேலை பார்த்த பத்திரிகையில் இப்படி ஒரு திருத்தம் போட்டு, அதையே ஆதாரமாக வைத்து எதிராளி அவர் மேல் வழக்குப் போட, கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர். அதிலிருந்து அவருக்கு ஒரே கொள்கை.

"என்னம்மா இது, 'தவறு எங்களுடையது'? நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு. நாளைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தா உங்க அப்பாவா வந்து நிப்பாரு?"

"தப்பு நம்மளதுதானே சார்?"

"தப்புதான், யாரு இல்லன்னா? மறுப்பு போட்டுருவோம்."

மறுப்பு என்பது எங்கள் தொழிலில் ஒரு பழைய ஏற்பாடு. நாங்கள் தப்பாக எழுதியிருந்தாலும், தப்பு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பாதிக்கப்பட்டவர் வந்து இல்லை என்று சொன்னதாக ஒரு செய்தி போடுவோம். பாதிக்கப்பட்டவருக்கும் இடம் கொடுத்த மாதிரி ஆயிற்று, எங்கள் மேலும் ஒட்டாது. அமைச்சர்களுக்கும் நடிகர்களுக்கும் இது போதும். அவர்கள் மறுத்தால் நம்புவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் சண்டை போட்டேன். படத்தையாவது போடுங்கள் என்றேன். "திரும்பப் போட்டா மறந்தவனுக்கும் ஞாபகம் வரும்மா, அந்த ஆளு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். முதல் பக்கத்திலாவது என்றேன். முதல் பக்கத்தில் விளம்பரம் என்றார். என் நாலு வரியை மடித்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அது எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மறுநாள் உள்பக்கத்தில், ஒரு சீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கு மேலே வந்தது. "குழந்தையை வேனில் பூட்டவில்லை: ஆட்டோ டிரைவர் மறுப்பு." அதன் கீழே, குழந்தையை வேனில் பூட்டிச் சென்றதாகச் செய்தி வெளியானது, அதை மறுத்துள்ள ஒத்தக்கடையைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர், குழந்தையைத் தான் காப்பாற்றியதாகக் கூறுகிறார் என்று இருந்தது. அவருடைய பெயர், ஸ்டாண்டு எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தார்கள். முதல் நாள் படத்தில் பெயர் இல்லை. யாரோ ஒரு காக்கிச் சட்டை என்று விட்டவர்களுக்கும், அது யார், எங்கே நிற்பார் என்று நாங்களே விலாசத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டோம்.

அதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவன் பேசுகிற மாதிரியே இருந்தது. நானே அவரைத் தெரியாதவளாக இருந்து, என் பிள்ளையை அவர் ஆட்டோவில் அனுப்புகிறவளாகவும் இருந்தால், அதைப் படித்துவிட்டு அடுத்த நாள் அனுப்பியிருக்க மாட்டேன். அதுதான் நடந்தது.

மறுப்பு வந்த மறுநாள் அவர் கூப்பிட்டார். இந்த முறை கத்தவில்லை. அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"மொத நாளு ஒரு வீட்டுலதான் மேடம் புள்ளைய அனுப்பல. நேத்து வந்தத பாத்துட்டு இன்னிக்கி எல்லாருமே வேணாம்னுட்டாங்க. ஒருத்தரு சொல்றாரு, 'நீங்க நல்லவராத்தான் இருக்கலாம், ஆனா எதுக்குப் பேரு அடிபடுது?'ன்னு. அதுக்கு என்ன பதில் சொல்ல?"

"அந்தப் பிள்ளையோட அம்மாவைச் சொல்லச் சொல்லலாமே அண்ணே..."

"சொல்லுச்சு மேடம் அந்தம்மா. அவுக குரூப்புல போட்டுச்சு. என் சவாரி வீட்டுக்காரவுக இருக்கிறது வேற குரூப்பு." பிறகு, "நீங்க ஒண்ணும் போடாமயே இருந்திருக்கலாம்" என்றார். "என் தப்புதான். நான் போன் பண்ணியிருக்கக் கூடாது."

பத்திரிகைத் தொழிலில் இருக்கிற ஒருத்தி கேட்கக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். தவறைச் சுட்டிக்காட்டியதே தவறு என்று ஒரு வாசகரை நினைக்க வைத்துவிட்டோம். நான் செய்தி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "நாமதான் மறுப்பு போட்டோமேம்மா" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். அவர் கணக்கில் அது முடிந்துபோன விவகாரம்.

அப்புறம் நான் வேறு பத்திரிகைக்கு மாறினேன். கோபித்துக்கொண்டு போனேன் என்று பெருமையடிக்க ஆசைதான். உண்மையில் சம்பளம் கூடக் கிடைத்தது, போனேன். புதிய இடத்திலும் யாரும் எடுக்காத போன் இருந்தது. அதையும் என் மேஜைக்கு மாற்றச் சொன்னேன். இங்கே சின்னப் பிள்ளைகள் நிறைய. யாராவது தப்பு என்று கூப்பிட்டால் முதலில் நன்றி சொல்லுங்கள் என்பேன். வாதாடாதீர்கள், பெயரைச் சொல்லி, எண்ணை வாங்கி, பார்த்துவிட்டு நீங்களே கூப்பிடுங்கள். தப்பு எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ அங்கே அந்த அளவில் சரிசெய்யுங்கள், 'தவறு எங்களுடையது' என்று சொல்லுங்கள். தலையாட்டுவார்கள். போன் அடித்தால் என்னைப் பார்ப்பார்கள்.

போன கோடையில் நாத்தனார் மகளைக் கல்லூரியில் சேர்க்கிற விசயமாக ஒத்தக்கடைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது வெயில் தாங்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி ஏறி, தெப்பக்குளம் போகணும் என்றேன். கொஞ்சதூரம் போன பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தேன். முன்கை நெடுகத் தையல் தழும்பு. கண்ணாடியில் அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார்.

"இருக்கேன் அண்ணே. நீங்க?"

"ஓடுது." பள்ளிச் சவாரி திரும்பக் கிடைத்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆட்டோவின் பின்பக்கம் பிள்ளைகள் பை வைக்கிற கம்பித் தட்டு இல்லை. கழற்றிய இடத்தில் துரு மட்டும் இருந்தது.

மேலூர் ரோட்டில் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்கூட்டி சரிந்து கிடந்தது. மணல் கொட்டிக் கிடந்த இடத்தில் ஒரு பெண் வழுக்கி விழுந்திருந்தாள். கல்லூரி மாணவி போல இருந்தாள். வண்டி அவள் கால்மேல் கிடந்தது. சுற்றி நாலைந்து பையன்கள், வழக்கம்போல பாதிப் பேர் கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். நிறுத்துங்க அண்ணே, நிறுத்துங்க என்று கத்தினேன்.

நிறுத்தினார். ஆனால் மிகத் தள்ளி, ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"வாங்க அண்ணே, வண்டியத் தூக்கணும்."

"நீங்க போய்ப் பாருங்க மேடம். நான் இறங்க மாட்டேன்."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அவர் பையன்களின் கையில் இருந்த போன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்குக்கு மேலே வரை சுற்றிக்கொண்டார். வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடிய மனிதர், ஒளிந்துகொள்கிற மாதிரி சீட்டுக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் ஓடினேன். இரண்டு பையன்களை அதட்டிப் போனை உள்ளே வைக்கச் சொல்லி வண்டியைத் தூக்கினோம். பெண்ணுக்குக் கணுக்காலில் நல்ல அடி. வேறு ஒன்றும் இல்லை. அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்கள் இடம் பண்ணி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில்தான் இருந்தார். போய்விட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

ஏறி உட்கார்ந்ததும் கேட்டார். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணே. கால்ல மட்டுந்தான்."

துண்டை அவிழ்க்காமலே வண்டியை எடுத்தார். அந்தப் பெண் கணுக்காலோடு தப்பித்தாள். உயிர் போகிற நிலையில் கிடந்திருந்தாலும் இந்த மனிதர் இறங்கியிருக்க மாட்டார் என்று தோன்றியது. நாங்கள் அவரிடமிருந்து பிடுங்கியது பள்ளிச் சவாரியை மட்டும் இல்லை. இனி அந்த ரோட்டில் எந்தப் பிள்ளை கண்ணாடிக்குள் இருந்து தட்டினாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை.

தெப்பக்குளத்தில் இறங்கி, பையைத் துழாவிக் காசை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கிளம்பாமல் நின்றார். ஏதோ கேட்க நினைத்து, தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டார்.

"மேடம், இது நாளைக்குப் பேப்பர்ல வருமா?"

"தெரியலண்ணே. வந்தாலும் சின்னதா வரும்."

"வந்தா, அங்கன ஒரு ஆட்டோ நின்னுச்சுன்னு மட்டும் போட்டுறாதீங்க."

"வராதண்ணே" என்றேன். "நான் பாத்துக்கிறேன்."

இத்தனை வருசத்தில் அவருக்கு நான் கொடுக்க முடிந்த வாக்கு அது ஒன்றுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.